பெயரிட்டவரின் கடன்

1

ஒரு பிள்ளைக்கு உதவி செய்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல இல்லை என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நம் பள்ளிகளில் நடைமுறை இதுதான். தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டுமா, பதிலைச் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வேண்டுமா, ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் முதலில் சான்றிதழ். சான்றிதழுக்கு முன்னால் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு டீச்சருக்கோ அம்மாவுக்கோ சந்தேகம் வர வேண்டும்.

இதில் என்ன தப்பு? கண்ணாடி போடுவதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்கத்தானே செய்கிறோம்? சரிதான். ஆனால் கண்ணாடி போட்ட பிள்ளையை யாரும் வேறொரு வகைக் குழந்தையாக நினைப்பதில்லை. டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி. போன்ற சொற்கள் அப்படிச் சும்மா இருப்பதில்லை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா மினோ, 1990-இல் வெளிவந்த தன் நூலில் இதை 'வேறுபாட்டின் இக்கட்டு' என்று விவரித்தார். ஒரு பிள்ளையின் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி உதவினால், சுட்டிய விரலே முத்திரையாகிவிடுகிறது. சுட்டாமல் எல்லோரையும் போல நடத்தினால், வேறு யாரையோ மனதில் வைத்துக் கட்டிய வகுப்பறையில் அவன் தோற்றுப்போகிறான். எந்தப் பக்கம் போனாலும் அடி அவனுக்குத்தான்.

ஆகவே இரண்டு கேள்விகள். பெயர் வைக்காமல் உதவ முடியாதா? முடியாது என்றால், பெயர் வைக்கிறவர்களுக்கு என்ன பொறுப்பு வந்து சேர்கிறது?

2

பிள்ளைகளை அளக்கும் வேலை கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. 1904-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. கட்டாயக் கல்வி வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். சிலரால் வகுப்போடு சேர்ந்து ஓட முடியவில்லை. அவர்களை எப்படி அடையாளம் காண்பது? ஆசிரியரின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பினால் வாயாடிப் பிள்ளையும் அழுக்குச் சட்டைப் பிள்ளையும்கூட 'மந்தம்' ஆகிவிடுவார்கள். குழுவில் இருந்த ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஐ.க்யூ. சோதனைகளின் மூதாதை அதுதான்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை என்று காட்டுவதோடு சோதனையின் வேலை முடிந்தது என்பது பினேவின் எண்ணம். அறிவு என்பது பிறவியிலேயே முடிவாகிவிட்ட ஓர் அளவு, அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களை 1909-இல் கடுமையாக மறுத்து எழுதினார். 1911-இல் இறந்துபோனார். அவருடைய சோதனை அட்லாண்டிக்கைக் கடந்தது. யாரை நாட்டுக்குள் விடலாம், யாரைப் பிள்ளை பெற விடலாம் என்று கேட்டவர்களின் கையில் சிக்கியது. இந்தியாவில் 1930களில் வி.வி. காமத் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். 'பினே-காமத்' என்ற பெயரில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் இது தினசரி நடக்கும். ஒரு காரணத்துக்காக டேபிளில் ஒரு ஃபீல்டைச் சேர்ப்போம். ஐந்து வருடம் கழித்து வேறொரு டீம் அதை எடுத்து வேறொரு முடிவுக்குப் பயன்படுத்தும். எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணை எதற்காக எடுத்தோம் என்பது மட்டும் கூடவே வராது. ஒரு குழந்தையின் ஐ.க்யூ. அப்படிப்பட்ட ஃபீல்டுதான்.

3

அடுத்த கதை இங்கிலாந்தில் நடந்தது. அதன் மையத்தில் ஒரு தத்துவவாதி இருக்கிறார். அங்கே 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சில குழந்தைகளைக் கல்விக்கே தகுதியில்லாதவர்கள் என்று முடிவுகட்டிப் பள்ளிக்கு வெளியே வைக்க இடம் இருந்தது. அதன்பின் அமைந்த ஒரு குழுவுக்கு, ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்த மேரி வார்னாக் தலைமை தாங்கினார். 1978-இல் அறிக்கை வந்தது. 'சிறப்புக் கல்வித் தேவைகள்' என்ற சொற்றொடர் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான்.

அந்தச் சொற்றொடரில் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது. கல்வியின் நோக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. அங்கே போய்ச்சேரும் பாதையில் சிலருக்குத் தடைகள் அதிகம். எனவே இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பதை விட்டு, இவனுக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலத்தில் எப்போதாவது அப்படி ஒரு தேவை வரும் என்றது அறிக்கை. ஐந்தில் ஒருவர் என்றால் அது விதிவிலக்கே இல்லை. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவர்.

1981-இல் சட்டம் வந்தது. தேவை அதிகமுள்ள பிள்ளைக்கு 'ஸ்டேட்மென்ட்' என்ற ஆவணம் தரப்பட்டது. அதில் பிள்ளையின் தேவை என்ன, அதற்கு என்னென்ன தரப்பட வேண்டும் என்று எழுதியிருக்கும். எழுதியதைத் தருவது உள்ளூர் நிர்வாகத்தின் சட்டக் கடமை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் பெறுவதே பெற்றோர்களுக்குப் பெரும் போராட்டமாக மாறியது. 2005-இல் வார்னாக் தாமே ஒரு சிறு நூல் எழுதி, தன் அறிக்கையிலிருந்து பிறந்த அந்த ஏற்பாட்டையும், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்ப்பதே தீர்வு என்ற கருத்தையும் கேள்விக்குள்ளாக்கினார். தேவை என்ற நல்ல சொல்லையும் காகிதம் விழுங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அந்தத் தாளில் என்ன தரவேண்டும் என்று எழுதியிருந்தது. நம்மூர்ச் சான்றிதழில் எழுதியிருப்பது சதவீதம்.

4

நம்மூருக்கு வருவோம். மயிலாப்பூரில் 1970-இல் தொடங்கிய கிளார்க் பள்ளி, அடையாறில் 1969-இல் காதுகேளாத சிறு குழந்தைகளுக்காகத் தொடங்கிய பால வித்யாலயா, கோட்டூர்புரத்தில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், தி.நகரில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன். ஆட்டோவில் ஏறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரம் ஆகாது. பெரும்பாலும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் தனிப்பட்ட அக்கறையில் கட்டியெழுப்பியவை. இந்தியாவில் சிறப்புக் கல்வி பற்றிப் பேசும்போது இந்தச் சில கிலோமீட்டரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

ஆனால் இவற்றின் வாசலுக்குப் போக முதலில் ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் எல்லார் வீட்டிலும் இல்லை.

அடையாறில் இருக்கும் என் பெரியம்மா மகளின் பையன் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பள்ளி. கதை சொன்னால் நாள் முழுக்கக் கேட்பான், திருப்பிச் சொல்லுவான். பக்கத்தைத் திறந்து வாசி என்றால் வயிற்றுவலி வந்துவிடும். அக்கா பல ஆயிரம் ரூபாய் செலவழித்து மதிப்பீடு செய்ய ஏற்பாடு செய்தாள். மாமாவுக்கு இஷ்டமில்லை. "நம்ம பையன் மேல நாமளே முத்திரை குத்தணுமா?" என்றார். அக்கா என்னிடம் சொன்னாள்: "ஏற்கெனவே குத்தியாச்சுடா. டைரியில தினமும் 'கேர்லெஸ்', 'லேஸி'ன்னு எழுதி அனுப்புறாங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா அந்த ரெண்டு வார்த்தையாவது போகும்."

எங்கள் மந்தைவெளித் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவுக்கும் அதே வயதில் ஒரு பையன். மாநகராட்சிப் பள்ளி. எந்தத் துணி எந்த வீடு, யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டு இல்லாமல் சொல்லுவான். எழுத்துக்கூட்டி வாசிக்க மாட்டான். "அவனுக்குப் படிப்பு ஏறல தம்பி" என்பார் அவர், வானிலை சொல்வது போல. அரசுப் பள்ளிகளிலும் இதைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள், வட்டார வள மையம் என்று ஒன்று உண்டு, சான்றிதழ் வாங்கலாம் என்று ஒருநாள் சொன்னேன். கரியைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "வாங்கினா என்ன குடுப்பாங்க?"

கூடுதல் நேரம், எழுதுபவர் என்று சொல்லத் தொடங்கினேன். அதெல்லாம் பெரிய பரீட்சைக்கு. அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. நாளைக்குக் காலையில் வகுப்பில் என்ன மாறும் என்பதுதான் அவர் கேட்டது. "ஊனம்னு எழுதிக் குடுப்பாங்களா? அப்புறம் எவன் தம்பி வேலை குடுப்பான்?" என்று அடுத்த கேள்வியும் வந்தது.

இரண்டு வீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. பெயரில்லாத பிள்ளை என்று யாருமே இல்லை. மக்கு, மண்டு, சோம்பேறி, படிப்பு ஏறாதவன் எல்லாமே மதிப்பீடுகள்தான். கட்டணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அக்காவின் பையனுக்குப் பழைய பெயரைக் கொடுத்துவிட்டுப் புதிய பெயரை வாங்கிக்கொள்ள முடிந்தது. இஸ்திரிக்கார அக்காவின் பையனிடம் பழைய பெயரே இருக்கிறது. முத்திரை குத்தாதே என்பது நல்ல அறம்தான். ஆனால் ஏற்கெனவே மலிவான முத்திரை விழுந்த பிள்ளையிடம் போய் அதைச் சொல்வதில் பொருளில்லை.

5

சரி, பெயர் எப்படித் தரப்படுகிறது? இங்கே மூன்று எண்கள் முக்கியம்: 8, 85, 40.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரித்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது 16-ஆம் பிரிவு. ஆனால் 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகள், கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 8 வயதுக்கு மேல்தான் தரலாம் என்றன. அதற்கு நியாயம் இருக்கிறது. ஐந்து வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத குழந்தை எங்கே இருக்கிறது? ஆனால் உதவி சான்றிதழுக்குப் பின்னால்தான் வரும் என்றால், 8 வயதுவரை தோற்றுக்காட்டுவதே விண்ணப்பப் படிவம் ஆகிவிடுகிறது.

அடுத்தது 85. கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்குப் போகுமுன் பிள்ளையின் ஐ.க்யூ. 85-க்கு மேல் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கான எல்லை 70-ஐ ஒட்டி இருக்கிறது. நடுவில் இருப்பவர்கள்? ஐ.க்யூ. என்ற அளவுகோலே சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று அமையுமாறு செய்யப்பட்டது. 70-க்கும் 85-க்கும் இடையில் ஏறத்தாழ 13.6 சதவீதம் பேர் விழுவார்கள், கணக்கே அப்படி. ஏழில் ஒரு பிள்ளை. இவர்களுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. பள்ளியில் 'ஸ்லோ லேர்னர்' என்பார்கள். அதற்குச் சலுகை கிடையாது. ஒரே பிள்ளையை இரண்டு நாள் சோதித்தால் மூன்று நான்கு புள்ளி இப்படியும் அப்படியும் போகும். 84 எடுத்தவனுக்கும் 87 எடுத்தவனுக்கும் இடையில் இருப்பது அன்றைக்குக் காலையில் சாப்பிட்டானா என்பதாகவும் இருக்கலாம்.

கோடு கிழிக்காமல் எந்த ஏற்பாடும் நடக்காது என்பது எனக்குத் தெரியும். மோசடிப் பரிவர்த்தனையைக் கண்டுபிடிக்கும் நிரலிலும் ஒரு கோடு இருக்கும். கோட்டை ஏற்றினால் திருடன் தப்புவான், இறக்கினால் நல்லவன் மாட்டுவான். கோட்டை எங்கே வைப்பது என்பது கணிதக் கேள்விபோலத் தெரியும். உண்மையில் எந்தத் தவறு நடந்தால் பரவாயில்லை என்று நாம் நினைக்கிறோம் என்பதுதான் கேள்வி. உதவி தேவையில்லாத ஒருவனுக்கு ஒரு மணி நேரம் அதிகம் கிடைப்பது ஒரு தவறு. தேவைப்பட்ட ஒருத்திக்குக் கிடைக்காமல், தன்னை மக்கு என்று அவளே நம்பிவிடுவது இன்னொரு தவறு. நம் கோடுகள் முதல் தவறுக்கு மட்டும் பயந்து கிழிக்கப்பட்டவை.

இதற்கு முன்னால் மொழி என்ற சிக்கல் வேறு. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கும் ஒரு தி.நகர்ப் பிள்ளை திணறினால், அது மூளை எழுத்தைக் கையாளும் விதத்தாலா, தெரியாத மொழியாலா? இந்திய மொழிகளுக்கென்று தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட 'டாலி' சோதனை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான் வந்தது. தன் மொழியில் வாசிக்கச் சொல்லாமலேயே ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

மூன்றாவது எண் 40. சட்டத்தின் முக்கியமான உரிமைகள் பல, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கே. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அசைத்துப் பார்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள அவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவரைத் தர மறுத்தார்கள், அந்த அளவுக்குக் குறைபாடு இல்லை என்று. எழுதுபவர் வேண்டும் என்பது தேவையைப் பொறுத்தது, 40 சதவீதத்தைப் பொறுத்தது அல்ல என்றது தீர்ப்பு. 2024 அக்டோபரில் இன்னொரு வழக்கு. பேச்சுக் குறைபாடு 44 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கிடப்பட்ட ஒரு மாணவரை மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் என்றார்கள். இட ஒதுக்கீட்டுக்கு 40 எட்ட வேண்டும். எட்டினால் படிக்கத் தகுதியில்லை! சதவீதத்தை மட்டும் பார்க்காதே, இவரால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று பார் என்று சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

6

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?" சலுகை பற்றிப் பேசினாலே இது வரும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மட்டமான கேள்வி இல்லை. பதில் சொல்லத்தான் வேண்டும்.

வரலாற்றுத் தேர்வு எதை அளக்கிறது? வரலாறு தெரியுமா என்பதை. மூன்று மணி நேரத்தில் எத்தனை பக்கம் எழுத முடியும் என்பதை அளப்பது அதன் நோக்கம் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை. வேகம் அதில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று. அப்படியானால் கூடுதல் நேரம் பெறுகிறவன் எதையும் திருடவில்லை. தெரிந்ததைக் காட்டும் வாய்ப்பு மற்றவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது, இவனுக்கு இப்போது வருகிறது. வேகமே முக்கியமான தேர்வுகள் உண்டு. அங்கே வாதம் வேறு.

இன்னும் ஒரு படி போகலாம். வேகம் முக்கியமில்லை என்றால், எல்லோருக்குமே நேரத்தைக் கூட்டிவிடலாமே? சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தில்தான் தள்ளுவண்டிக் குழந்தையும் காய்கறிப் பையோடு பாட்டியும் ஏறுகிறார்கள். யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. தாராளமான நேரம், கேள்வியை உரக்க வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி, கரும்பலகையில் எழுதியதை அச்செடுத்துத் தருவது. இவற்றில் பாதியைச் சலுகையாக வைக்காமல் இயல்பாக வைத்தால், பெயர் சூட்ட வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையே குறையும். முதல் கேள்விக்கு என் பதில் இது: பெயர் வைக்காமல் உதவ முடியும், நாம் நினைப்பதைவிட அதிக தூரத்துக்கு.

ஆனால் முழுத் தூரத்துக்கு முடியாது. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரைச்சல் குறைந்த ஓர் இடமும் அவளை அறிந்த ஒரு பெரியவரும் வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவனுக்கு ஒலியையும் எழுத்தையும் பொறுமையாகச் சேர்த்துக் காட்டும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இவை பணமும் பதவியிடமும் கேட்பவை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கும் மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் வகுத்தது. விகிதம் இருந்தால் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்குப் பெயர் வேண்டும். பெயரே வேண்டாம் என்று அன்போடு சொன்னால் பட்ஜெட்டில் அந்தப் பிள்ளை பூஜ்யம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்பாசிரியர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில், ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டு இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

7

எனவே இரண்டாவது கேள்வி. பெயர் தேவைதான் என்றால், அதை வைக்கிறவருக்கு என்ன பொறுப்பு?

நம் வீடுகளில் குழந்தைக்குப் பெயர் வைப்பது சும்மா ஓர் ஒலியைக் கொடுப்பது இல்லை. காதில் மூன்று முறை சொல்லும்போதே, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், நீ கூப்பிட்டால் வருவேன் என்ற உறவு தொடங்கிவிடுகிறது. கல்வித் தேவைக்கு வைக்கும் பெயரும் அப்படி ஓர் ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'இவனுக்கு இது இருக்கிறது' என்று எழுதும் நிர்வாகம், அதே தாளில் 'ஆகவே நாங்கள் இவனுக்கு இதைத் தரக் கடன்பட்டிருக்கிறோம்' என்றும் எழுத வேண்டும். தேதி போட்டு, யார் தருவார் என்று குறிப்பிட்டு. மருந்துச் சீட்டில் நோயின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவோமா?

ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றினோம். அது நல்ல மாற்றம். சொல் மாறியபோது கடனும் கூடவே எழுதப்பட்டதா என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் தெரியும் அறிகுறிகளைப் பதிவு செய்ய 'நலம் நாடி' என்ற செயலி வந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவு செய்வது எளிது. ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே பெட்டியில் டிக் அடித்த நாளிலிருந்து, அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்த நாள்வரை எத்தனை நாள் ஆனது? அந்த எண்ணுக்கும் திரையில் ஓர் இடம் வேண்டும். பிள்ளைகளை 8, 85, 40 என்று அளக்கிறோம். பள்ளியை அளக்க அந்த ஓர் எண் போதும்.

பினே அளந்தது உதவுவதற்காக. உதவியின் கணக்கு கூட வராததால் அளவு மட்டும் தனியாக ஊர் சுற்றியது. வார்னாக் தேவையைக் கேட்கச் சொன்னார். தேவையைக் காட்டும் சுமை பெற்றோர் தலையில் விழுந்தது. இரண்டிலிருந்தும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பெயர் வைப்பது பாவமும் இல்லை, உதவியும் இல்லை. அது ஒரு கடன் பத்திரம். இன்றைக்கு அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கடனாளி அவன்தான் என்பது போல நடந்துகொள்கிறோம். சதவீதத்தை அவன் சுமக்கிறான், அலைச்சலை அவன் அம்மா சுமக்கிறாள், 14 வயதில் மறுபடி நிரூபித்துக் காட்டவும் அவனே வர வேண்டும். கையெழுத்துப் போட்டவர் யாரோ, திருப்பித் தர வேண்டியவர் அவர்தான்.